மறுவாசிப்பில் வாய் திறக்கும் பெயர்கள்: ஹாரி பாட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரி பாட்டர் வரிசையின் ஏழு நாவல்களும் 1997 முதல் 2007 வரை வெளிவந்தன. முதல் தடவை அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்பில் பக்கங்களைப் புரட்டியவர்கள், மறுபடி எடுக்கும்போது பாத்திரங்களின் பெயர்களில் தடுக்கி நிற்கிறார்கள். அப்படி நின்றவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஏழு நாவல்களின் முடிச்சுகளும் இங்கே அவிழ்க்கப்படுகின்றன. இன்னும் முடிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

முதல் வாசிப்பில் இதெல்லாம் ஏன் கண்ணில் படுவதில்லை?

அப்போது பெயர் என்பது ஆளை அடையாளம் காட்டும் சீட்டு மட்டுமே. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தெரியாத நிலையில் பெயருக்குள் இருக்கும் பொருளைப் பொருத்திப் பார்க்க எதுவும் கையில் இல்லை. முடிவு தெரிந்த பிறகுதான் பெயரும் செயலும் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்குகின்றன.

ஆசிரியர் ஜே. கே. ரௌலிங் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சும் செவ்வியல் படிப்பும் படித்தவர். லத்தீன் சொற்கள், ரோமானியக் கடவுளர், கிரேக்கப் புராணம், பிரெஞ்சுச் சொற்சேர்க்கை எல்லாம் அவர் பெயர்களில் கலந்து கிடப்பது அதனால்தான்.

எந்தப் பெயரிலிருந்து தொடங்கலாம்?

ரெமஸ் லூபின். மூன்றாம் நாவலில் வரும் ஆசிரியர். அவர் ஓநாய்மனிதன் என்ற ரகசியம் கதையின் பிற்பகுதியில்தான் உடைகிறது. ஆனால் பெயரே அதை முதல் நாளிலிருந்து உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. லத்தீனில் லூபினஸ் என்றால் ஓநாய்க்குரியது. ரோமுலஸ், ரெமஸ் என்ற இரட்டையரை ஒரு பெண் ஓநாய் பாலூட்டி வளர்த்தது என்பது ரோம் நகரத்தின் பிறப்புக் கதை. ஏழாம் நாவலில் ரகசிய வானொலியில் பேசும்போது லூபின் தனக்கு வைத்துக்கொள்ளும் புனைபெயர் என்ன தெரியுமா? ரோமுலஸ்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. சிறுவயதில் லூபினைக் கடித்த ஓநாய்மனிதனின் பெயர் ஃபென்ரிர் கிரேபேக். ஃபென்ரிர் வட ஐரோப்பியத் தொன்மத்தில் கடவுளர்களே அஞ்சிக் கட்டிப்போட்ட ஓநாய். உலகத்தின் முடிவில் அது ஓடினை விழுங்கும். ஆக இரண்டு ஓநாய்க் கதைகள் நேருக்கு நேர் நிற்கின்றன: ஒன்றில் ஓநாய் விழுங்குகிறது, மற்றதில் ஓநாய் குழந்தைக்கு ஊட்டுகிறது. கிரேபேக் குழந்தைகளைத் தேடித் தேடிக் கடிப்பவன். லூபினோ, ரயிலில் ஆவியுறிஞ்சிகளால் மயங்கி விழுந்த ஹாரிக்கு முதலில் செய்யும் காரியம் ஒரு பெரிய சாக்லேட் கட்டியை ஒடித்துச் சாப்பிடக் கொடுப்பது. கடிபட்ட மனிதர் எந்தக் கதையின் பக்கம் நின்றார் என்பது அந்தச் சாக்லேட்டில் இருக்கிறது.

பிறந்தபோதே ஓநாய்ப் பெயர் எப்படி? பெற்றோருக்கு முன்கூட்டியே தெரியுமா?

தெரிய வழியில்லை. கடிபட்டது பின்னால்தான். கதைக்குள் இதற்குக் காரணம் தேடினால் கிடைக்காது. அது ஆசிரியர் நேராக வாசகரிடம் பேசும் குரல். நாடகத்தில் ஒரு பாத்திரம் மேடையில் மற்றவர்களுக்குக் கேட்காமல் பார்வையாளர் பக்கம் திரும்பிப் பேசுமே, அந்த வகை. தர்க்கம் இடிக்கிறது என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

பிளாக் குடும்பத்தில் எல்லோருக்கும் நட்சத்திரப் பெயர்களா?

ஏறக்குறைய. மறுவாசிப்பில் மிக அதிகம் கொடுக்கும் குடும்பம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிரியஸ் இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம். பெருநாய் என்ற விண்மீன் கூட்டத்தில் இருப்பதால் அதற்கு நாய் நட்சத்திரம் என்றே பெயர் உண்டு. சிரியஸ் பிளாக் கறுப்பு நாயாக உருமாறுபவர். பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்துச் சொன்னாலே உருவம் வந்துவிடுகிறது. இது எல்லோரும் கவனிப்பது. கவனிக்காமல் விடுவது, சிரியஸ் என்ற சொல்லின் கிரேக்க வேர் சுட்டெரிப்பதைக் குறிக்கிறது என்பது. ஐந்தாம் நாவலில் குடும்ப மரம் பின்னப்பட்ட பழைய திரைச்சீலையை ஹாரிக்குக் காட்டுகிறார் சிரியஸ். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு சிறிய வட்ட ஓட்டை. வீட்டைவிட்டு ஓடிப்போன மகனின் பெயரைத் தாய் எரித்துவிட்டாள். அதே திரையில் இன்னொரு கருகிய ஓட்டை சிரியஸின் உறவுக்காரி ஆண்ட்ரோமெடாவுக்கு; மந்திரவாதிக் குடும்பத்தில் பிறக்காத டெட் டாங்க்ஸை மணந்ததற்காக. புராணத்தில் ஆண்ட்ரோமெடா தன் குடும்பம் செய்த குற்றத்துக்காகப் பாறையில் சங்கிலியிடப்பட்டவள். இங்கே அவள் சங்கிலியைத் தானே கழற்றிக்கொண்டு போகிறாள்.

ஆண்ட்ரோமெடாவின் சகோதரி பெல்லாட்ரிக்ஸ். அந்தப் பெயர் ஒரையன் கூட்டத்தின் தோளில் இருக்கும் நட்சத்திரம், பொருள், போர்ப்பெண். ஆசிரியர் வரைந்த குடும்ப மரத்தில் சிரியஸின் தந்தை பெயரும் ஒரையன்தான். வானத்தில் ஒரையனின் இடைக்கச்சையாகத் தெரியும் மூன்று நட்சத்திரங்களை ஒரு கோடாக நீட்டினால் அது சிரியஸிடம் போய் முடியும். தோளில் பெல்லாட்ரிக்ஸ், கோட்டின் முனையில் சிரியஸ். ஐந்தாம் நாவலில் சிரியஸைக் கொல்வது பெல்லாட்ரிக்ஸ். இதை அறிந்த பின் ஒரையனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அறையும் அவர் விழுந்து மறையும் அந்தத் திரை தொங்கும் வளைவும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ரெகுலஸை ஏன் இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்?

ஐந்தாம் நாவலில் சிரியஸ் தன் தம்பியை முட்டாள் என்று ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறார். நாமும் நம்பிவிடுகிறோம். ஏழாம் நாவலில்தான் தெரிகிறது: கதையின் வில்லன் வோல்டமோர்ட் ஒளித்துவைத்த லாக்கெட்டை எடுத்து மாற்றிவைத்துவிட்டு, வீட்டு ஏவலன் கிரீச்சரைத் தப்ப வைத்துவிட்டு, அந்தக் குகைத் தண்ணீரில் தனியாக உயிர் விட்டவன் அவன். அண்ணனுக்குக் கடைசிவரை தெரியாமலே போனது.

ரெகுலஸ் லத்தீனில் குட்டி அரசன். தமிழில் அந்த நட்சத்திரம் மகம். மகம் ஜகத்தை ஆளும் என்ற நம் வழக்கும் அதற்கு அரசப் பட்டமே கட்டுகிறது. பெற்றோருக்குப் பிடித்த பிள்ளை, அந்தக் குடும்பத்தின் இளவரசன் என்ற அளவில் பெயர் பொருந்திவிட்டது என்று நினைத்து நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த நட்சத்திரத்தின் இன்னொரு பழைய பெயர் சிங்கத்தின் இதயம். சிங்கம் கிரிஃபிண்டர் இல்லத்தின் சின்னம். ரெகுலஸ் இருந்ததோ பாம்பைச் சின்னமாகக் கொண்ட ஸ்லிதரின் இல்லத்தில். எந்த வண்ணத் துண்டைக் கழுத்தில் கட்டியிருந்தாலும் உள்ளே துடித்தது சிங்கத்தின் இதயம்தான் என்று எந்தப் பாத்திரமும் நாவலில் சொல்வதில்லை. பெயர் மட்டும் சொல்கிறது.

மறுவாசிப்பில் ஐந்தாம் நாவலில் அந்த வீட்டைச் சுத்தம் செய்யும் பகுதிக்கு வரும்போது மெதுவாகப் படியுங்கள். யாராலும் திறக்க முடியாத ஒரு கனமான லாக்கெட் என்று ஒரு வரி வந்து போகும். வேறு எந்த விளக்கமும் இல்லாமல், மற்ற குப்பைகளோடு குப்பையாக.

அந்தக் குடும்பத்தில் நார்சிஸாவுக்கு மட்டும் ஏன் பூவின் பெயர்?

நல்ல கேள்வி. இதற்கு என் வாசிப்பை மட்டுமே பதிலாகத் தர முடியும்.

நார்சிஸஸ் தண்ணீரில் தன் பிம்பத்தைக் கண்டு தன்மேலேயே காதல் கொண்டு மாய்ந்த இளைஞன். அவன் இருந்த இடத்தில் முளைத்த பூவுக்கு அவன் பெயர். எனவே நார்சிஸா மால்ஃபாய் என்றதும் கர்வம், தற்பெருமை என்று முடித்துவிடுகிறோம். நான்காம் நாவலில் மூக்குக்குக் கீழே துர்நாற்றம் வீசுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வரும் பெண்மணி அந்த முடிவை உறுதிப்படுத்துகிறாள்.

இப்போது ஏழாம் நாவலின் காட்டுக்கு வாருங்கள். விழுந்து கிடக்கும் ஹாரி இறந்துவிட்டானா என்று பார்க்க வோல்டமோர்ட் அனுப்புவது அவளைத்தான். குனிகிறாள். அவளுடைய நீண்ட கூந்தல் ஹாரியின் முகத்தை மறைக்கிறது. டிராக்கோ உயிரோடு இருக்கிறானா என்று காதோரம் கேட்கிறாள். ஆம் என்ற மூச்சு வந்ததும் அவள் நகங்கள் அவன் மார்பில் அழுந்துகின்றன. நிமிர்ந்து, இறந்துவிட்டான் என்று அறிவிக்கிறாள். தற்காதலின் பெயரைத் தாங்கியவள், தன் உயிரைப் பணயம் வைத்து, மகனுக்காகப் பொய் சொல்கிறாள்.

ஹாரியின் தாய் லில்லியும் பூ. குழந்தைக்கும் சாவுக்கும் நடுவில் நின்று இறந்தவள். லில்லியின் அக்கா பெட்டூனியாவும் பூ. அவள் ஹாரியை மாடிப்படிக்குக் கீழே படுக்க வைத்தவள். அதை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் லில்லியின் இரத்தம் ஓடும் வீடு என்பதால் ஹாரிக்கு 17 வயது முடியும்வரை இருந்த பாதுகாப்பு அவள் கூரையின் கீழ்தான் கிடைத்தது. ஐந்தாம் நாவலில் கணவர் வெளியே போ என்று ஹாரியைத் துரத்தும்போது, நெருப்புக் கடிதம் ஒன்று வந்து அலறி அடங்கியபின், வெளிறிய முகத்தோடு அவள் சொல்கிறாள்: பையன் இங்கேயே இருக்கட்டும். மூன்று தாய்மார்கள், மூன்று பூக்கள், மூவராலும் ஹாரி பிழைக்கிறான். ஒருத்தி அன்பால், ஒருத்தி வேண்டாவெறுப்பாக, ஒருத்தி தன் பிள்ளைக்காக. ஆசிரியர் இதைத் திட்டமிட்டாரா என்பதைவிட, இந்தக் கோணம் பெட்டூனியாவை மறுபடி பார்க்க வைக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

ஆல்பஸ், ரூபியஸ்: வெள்ளையும் சிவப்பும் தற்செயலா?

இல்லை. லத்தீனில் ஆல்பஸ் வெண்மை, ரூபியஸ் செம்மை. ரசவாத நூல்களில் திரும்பத் திரும்ப வரும் இந்த இரண்டு நிறங்களையும் மனத்தில் வைத்தே பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோருக்கும் அங்கே வேலை செய்யும் ஹாக்ரிட்டுக்கும் பெயரிட்டதாக ரௌலிங்கே எழுதியிருக்கிறார். தந்தையற்ற ஹாரிக்கு இருவரும் இரண்டு வகைத் தந்தையர்: ஒருவர் எட்டத்தில் நிற்கும் அறிவு, மற்றவர் கட்டியணைக்கும் பாசம். முதல் நாவலே ரசவாதக் கல்லைப் பற்றியது. அதில் பேர் மட்டும் வரும் நிக்கோலா ஃபிளமெல் பாரிஸில் வாழ்ந்து 1418இல் இறந்த உண்மையான மனிதர். அவர் கட்டிய வீடு இன்றும் அங்கே நிற்கிறது.

சில வாசகர்கள் இதை இன்னும் நீட்டிக்கிறார்கள். ரசவாதத்தில் கருமை, வெண்மை, செம்மை என்று மூன்று படிநிலைகள். ஐந்தாம் நாவலில் சிரியஸ் பிளாக் இறக்கிறார். ஆறாம் நாவலில் ஆல்பஸ். ஏழாம் நாவலில் ஹாரியின் உடலைக் காட்டிலிருந்து அழுதுகொண்டே தூக்கி வருவது ரூபியஸ். இடிந்த வீட்டிலிருந்து கைக்குழந்தையாக அவனை எடுத்து வந்தவரும் அவரே. இந்த வரிசை எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. செம்மை என்பது கல் உருவாகும் கடைசிப் படி.

டம்பிள்டோர் என்பது பெருந்தேனீயைக் குறிக்கும் பழைய ஆங்கில வழக்கு. தனக்குள் எதையோ முரன்றுகொண்டே நடக்கும் மனிதராக அவரைக் கற்பனை செய்ததாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

வோல்டமோர்ட் என்ற பெயரில் என்ன இருக்கிறது?

பிரெஞ்சுச் சொற்களாகப் பிரித்தால் மரணத்தின் பறத்தல் என்றும் வரும், மரணத்தின் திருட்டு என்றும் வரும். சாவிலிருந்து பறந்தோடப் பார்ப்பவனுக்கு இரண்டுமே பொருந்தும்.

ஆனால் கவனிக்க வேண்டியது அவன் விட்டெறிந்த பெயரை. டாம் மார்வோலோ ரிடில் என்ற பெயரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கி, நான்தான் பிரபு வோல்டமோர்ட் என்ற வாக்கியத்தை அவனே செய்துகொள்கிறான். டாம் என்பது ஊரில் பலருக்கும் இருக்கும் பெயர் என்பதே அவனுக்கு எரிச்சல். அநாதை இல்லத்தில் முதன்முதலாக டம்பிள்டோரைச் சந்திக்கும்போதே அந்த வெறுப்பு தெரிகிறது. டம்பிள்டோரோ கடைசிவரை அவனை டாம் என்றே கூப்பிடுகிறார். இறுதிச் சண்டையில் ஹாரியும் எல்லோர் முன்னிலையிலும் அவனை ரிடில் என்று அழைக்கிறான். முதல் வாசிப்பில் கோல்கள் சுழல்வதைத்தான் பார்த்தோம். அந்த விளிக்குப் பிறகு மறுவாசிப்பில் அவன் எவ்வளவு சுருங்கிப்போகிறான் என்று பாருங்கள்.

அப்படியானால் ஹாரி பாட்டர் என்ற பெயருக்குள்?

ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆசிரியருக்குப் பிடித்த ஆண்பெயர் ஹாரி. சிறுவயதில் பக்கத்து வீட்டுக்காரர்களின் குடும்பப் பெயர் பாட்டர். நட்சத்திரமும் புராணமும் லத்தீனும் நிறைந்த உலகத்தின் நடுவில் நாயகனுக்கு மிகச் சாதாரணமான பெயர். டாமும் ஹாரியும் ஒரே அளவு சாதாரணப் பெயர்களே. ஒருவன் அதைத் தாங்க முடியாமல் உடைத்தான், மற்றவன் அதிலேயே வாழ்ந்தான். மொத்த வரிசையையும் மறுபடி படிக்க இந்த ஒரு வேறுபாடு போதும் என்பேன்.

மொழிபெயர்ப்பில் இந்தக் குறிப்புகள் தப்புமா?

சில தப்பும், சில மாறும், ஒன்று மட்டும் கதையையே காட்டிக்கொடுத்தது. ஆறாம் நாவல் 2005இல், போலி லாக்கெட்டுக்குள் இருந்த சீட்டில் ஆர்.ஏ.பி. என்ற கையொப்பத்தோடு முடிந்தது. யார் அது என்று அடுத்த நாவல் வரும்வரை வாசகர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். டச்சு மொழியில் பிளாக் குடும்பத்துக்குக் கறுப்பைக் குறிக்கும் ஸ்வார்ட்ஸ் என்று பெயர். எனவே அங்கே கடைசி எழுத்து இசட் ஆனது. நார்வே மொழியில் எஸ் ஆனது; அங்கும் குடும்பப் பெயர் கறுப்பு. இரண்டையும் ஒப்பிட்டவர்களுக்கு அது பிளாக் குடும்பத்து ஆள் என்பது தெரிந்துபோனது.

பிரெஞ்சில் எழுத்துக் கலைப்பு வேலை செய்ய வேண்டுமென்று டாமின் நடுப்பெயரை எல்விஸ் என்றும் குடும்பப் பெயரை ஜெதுசோர் என்றும் மாற்றினார்கள். உச்சரித்தால் விதியின் விளையாட்டு என்று காதில் விழும். மூலத்திலே இல்லாத ஓர் அழகு.

தமிழ் எழுத்தில் படிப்பவர்கள் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். டயகன் ஆலி என்ற கடைத்தெருவின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் குறுக்காக என்ற ஆங்கிலச் சொல் ஒலிக்கும். பிளாக் குடும்ப வீடு இருக்கும் கிரிம்மோல்ட் பிளேஸ் என்பது மங்கிய பழைய இடம் என்று ஒலிக்கும். காது பிடித்துக்கொள்ளும்.

எது குறியீடு, எது வாசகரின் அதீதம்? எப்படிப் பிரிப்பது?

ஹெர்மயனி கிரேஞ்சரை எடுத்துக்கொள்வோம். அவள் முதலெழுத்துகள் இரண்டும் சேர்ந்தால் பாதரசத்தின் வேதியியல் குறியீடு. ஹெர்மிஸ் என்ற கிரேக்கக் கடவுளின் ரோமானியப் பெயர் பாதரசத்துக்கும் ஆங்கிலத்தில் உண்டு. பெற்றோர் பல் மருத்துவர்கள். பல்லடைப்பில் பாதரசக் கலவை பயன்பட்டது. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் இதை அறிந்தபின் எந்தக் காட்சி எனக்கு வேறாகத் தெரிகிறது? எதுவும் இல்லை.

இன்னொரு தகவல்: அந்தப் பெயர் ஷேக்ஸ்பியரின் குளிர்காலக் கதை நாடகத்திலிருந்து வந்தது. அதில் இறந்ததாக நம்பப்படும் அரசி ஹெர்மயனி, கடைசியில் சிலையாக நின்று உயிர்பெற்று இறங்கி வருகிறாள். இரண்டாம் நாவலில் நம் ஹெர்மயனி கல்லாகிக் கிடக்கிறாள்; இறுகிய கைக்குள் கசங்கிய காகிதம், அதில் மொத்தப் புதிருக்கும் விடை. முடிவில் உயிர்பெற்று ஓடி வருகிறாள். இதை அறிந்தபின் அந்த மருத்துவமனைக் காட்சி மாறுகிறது. ஒரு காட்சியையாவது ஆழமாக்கினால் அந்தப் பொருளை வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் ரசித்துவிட்டு விட்டுவிடுவேன்.

ஸ்னேப் ஹாரியிடம் கேட்கும் முதல் கேள்வியில் லில்லி ஒளிந்திருக்கிறாளா?

அஸ்ஃபோடெல் வேர்த்தூளை எட்டிக்கசப்பான வெர்ம்வுட் சாற்றில் கலந்தால் என்ன வரும் என்பது, லில்லியை உயிருள்ளவரை நேசித்த ஆசிரியர் ஸ்னேப்பின் கேள்வி. அஸ்ஃபோடெல் பழைய தாவர வகைப்பாட்டில் லில்லிக் குடும்பத்துச் செடி. கிரேக்க நம்பிக்கையில் இறந்தோர் உலகத்துப் புல்வெளியில் பூப்பது. வெர்ம்வுட் ஆங்கில வழக்கில் மனக்கசப்புக்கு இன்னொரு பெயர். இறந்த லில்லியும் கசப்பும் ஒரே வாக்கியத்தில். மேலே சொன்ன சோதனையில் இது தேறிவிடுகிறது: லில்லியின் கண்களோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி இது என்று தெரிந்தபின் அந்த வகுப்பறையைப் பழையபடி படிக்க முடியாது.

ஆசிரியர் சொன்ன விளக்கம்தான் இறுதியா?

தகவலுக்கு இறுதி, பொருளுக்கு இல்லை. ஸ்னேப் என்பது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் என்று அவர் சொன்னார். செவரஸ் என்ற அவர் முதற்பெயரின் லத்தீன் கடுமை அதனால் குறைந்துவிடவில்லை. மினர்வா ரோமானியரின் அறிவுக் கடவுள், மெக்கோனகல் மோசமான கவிதைகளுக்குப் பேர்போன ஸ்காட்லாந்துக் கவிஞரின் பெயர். இரண்டும் அந்தப் பேராசிரியையிடம் ஒன்றாகவே குடியிருக்கின்றன.

முதல் தடவை படிக்கும் பிள்ளைகளிடம் பெயர்ப் பொருளைச் சொல்லலாமா?

மினர்வா, தாவரப் பாடம் நடத்தும் ஆசிரியை போமோனா போன்றவர்களின் பெயர்களைத் தாராளமாகச் சொல்லலாம், கதை கெடாது. லூபினையும் சிரியஸையும் மூன்றாம் நாவல் முடியும்வரை சொல்ல வேண்டாம். முடித்தபின் முதல் நாவலின் முதல் அத்தியாயத்தை எடுத்துக் கொடுங்கள். ஹாக்ரிட் குழந்தையோடு வந்திறங்கும் பறக்கும் மோட்டார் சைக்கிள் யாரிடம் கடன் வாங்கியது என்று அவர் சொல்லும் வரியை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.